குளிர் அங்கன, நாத்தம் இங்கன

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியின் முதல் மாடியில், நான் ஏணி மேல் நின்று சீலிங்குக்குப் பாவாடை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் காதர் அண்ணனைத் திருடன் என்று சொன்னார்கள்.

சொன்னவர் விடுதி முதலாளி. அவர் அப்போது பரமக்குடியில் தன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தார். சொன்னது போனில். ஆனால் காதர் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரிசப்ஷன் மேஜையில் வைத்திருந்ததால் சமையல்காரர் முனியசாமி, வாட்ச்மேன், அறை கூட்டுகிற இரண்டு அக்காமார் என்று அத்தனை பேரும் கேட்டார்கள். படிக்கட்டு வழியாக ஏறி வந்து எனக்கும் கேட்டது.

திருட்டுக்குப் போவதற்கு முன்னால் பாவாடையை விளக்கிவிடுகிறேன். பெண் இன்ஜினியர் என்று சொல்லித்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தார்கள். ஆசிரியர் குழுவுக்குச் சங்கடம் வரக்கூடாது.

மச்சுக்குப் பாவாடை

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் ஏசி ரிப்பேர் பார்ப்பவரா? எங்கள் வீட்டு ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. ஏசி குளிரவில்லை என்றால் மெக்கானிக் வருவார். ஏசி நன்றாகக் குளிர்கிறது, ஆனால் ஒரு அறைக்காரர் போர்வை கேட்கிறார், அடுத்த அறைக்காரர் விசிறி கேட்கிறார், மாசக் கடைசியில் கரண்டு பில்லைப் பார்த்து முதலாளி நெஞ்சைப் பிடிக்கிறார் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு கட்டடத்துக்கு மொத்தமாகத் தயாராகும் குளிர்ந்த காற்றை அறை அறையாகப் பங்கு வைப்பது என் வேலை. பங்கு சரியாக இருந்தால் மிஷின் மூச்சுவிட்டு ஓடும், கரண்டும் இறங்கும்.

பங்கு வைக்க அளந்தாக வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு கருவி இருக்கிறது. துணியில் தைத்த பெரிய புனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற வாயைச் சீலிங்கில் காற்று இறங்கும் இடத்தோடு ஒட்டிப் பிடித்தால், கீழே உள்ள மீட்டர் எவ்வளவு காற்று வருகிறது என்று காட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நான் ஏணியில் ஏறிக் கட்டடத்துக்குப் பாவாடை கட்டுவது போலத்தான் இருக்கும்.

ஒருமுறை அம்மா அதைப் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் யாராவது மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "ஏத்தா, இஞ்சினியருக்குப் படிக்க வச்சேன். ஊர் ஊராப் போயி மச்சுக்குப் பாவாடை கட்டிவிடுறா" என்று சொல்லும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

கடைமடைக்காரி

எங்கள் ஊர் பரமக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கண்மாய்க் கிராமம். எங்கள் வயல் கடைமடை. கண்மாய் மடையைத் திறந்தால் தலைமடைக்காரர் வயல் நிறைந்து, நடுமடைக்காரர் வயல் நிறைந்து, வரப்பில் தவளை எல்லாம் நீச்சல் பழகி முடித்த பிறகு எங்களுக்கு ஈரம் வரும். என் அய்யா தன் ஆயுளில் பாதியை மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று சண்டை போட்டே கழித்தார். பாலிடெக்னிக்கில் ஏசி குழாய்ப் படத்தை வாத்தியார் முதன்முதலாகப் போர்டில் வரைந்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மிஷினுக்குப் பக்கத்து அறை தலைமடை. வராந்தாவின் மறுகோடியில் இருக்கும் அறை கடைமடை. குழாய்க்குள் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருகித் திருகி, பக்கத்து அறைக்குக் குறைத்து, தூரத்து அறைக்குத் தள்ளிவிட வேண்டும். அய்யா மண்வெட்டியால் செய்ததை நான் ஸ்க்ரூ டிரைவரால் செய்கிறேன். சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. வயலுக்குப் போன தண்ணீர் கண்மாய்க்குத் திரும்பி வராது. அறைக்குப் போன காற்று மிஷினுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அறையில் சுற்றிவிட்டு, கதவுச் சல்லடை வழியாக வராந்தாவுக்கு வந்து, வராந்தாக் கோடிச் சுவரில் இருக்கும் பெரிய கிரில் வழியாக மிஷின் அறைக்குள் போய், மறுபடி குளிர்ந்து புறப்பட வேண்டும். போகிற காற்றைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். திரும்புகிற காற்றைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை.

மனிதர்கள் காற்றைப் படுத்தும் பாட்டுக்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டு ராமேஸ்வரம் போகிறேன்.

பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடை. (மேற்படி முதலாளியின் கடை அல்ல. அவருக்கு இந்த அத்தியாயத்தில் ஏற்கெனவே வேலை நிறைய இருக்கிறது.) கல்லாவில் உட்காருபவருக்குக் கழுத்து வலி. தலைக்கு மேல் காற்று வரும் இடத்தைச் சேலைப்பெட்டி அட்டையால் அடைத்துவிட்டார். அந்தக் காற்று அடுத்த திறப்புக்குப் போய், வேட்டிப் பகுதி விற்பனையாளர் தலையில் இறங்கியது. அவருக்குச் சைனஸ். அவரும் ஒரு அட்டை வைத்தார். இப்படியே ஒவ்வொருவராக அட்டை வைத்துக்கொண்டே போய், நான் போன அன்று கடையில் ஒரே ஒரு திறப்புதான் பாக்கி. கடை முழுவதும் வேர்த்துக் கொட்ட, அதன் கீழே பட்டுப்புடவை கட்டி நின்ற பொம்மை மட்டும் முந்தானை பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. வந்த பெண்கள் எல்லாம் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். அந்த மாதிரிப் புடவை நன்றாக விற்கிறது என்று முதலாளி மேலும் வாங்கி அடுக்கிவிட்டார்.

மீன் ஒத்துக்கொள்ளாத மனிதர்

காதர் அண்ணன் அந்த விடுதிக்கு மேனேஜர். கட்டடத்துக்கு வாசக்கால் வைத்த காலத்திலிருந்து இருக்கிறார். சொந்த ஊர் தேவிபட்டினம். ஒல்லியான உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, முழங்காலில் எப்போதும் தைல வாசம். அந்த முழங்காலால் மாடிப்படி ஏறுவதில்லை. முதலாளி வாயிலிருந்து வரும் வார்த்தையைச் சட்டமாக நிறைவேற்றுவார். ஒருமுறை முதலாளி இன்டர்நெட்டில் தன் விடுதியின் படத்தைப் பார்த்திருக்கிறார். பால்கனி முழுக்க யாத்ரீகர்களின் ஈரத்துணி. "கட்டடம் ஆடித் தள்ளுபடிக் கடை மாதிரி இருக்கு, நம்ம கடைக்குப் போட்டியா?" என்று கத்தியிருக்கிறார். அன்று மாலையே பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று அறைக்கு அறை போர்டு ஏறிவிட்டது. தண்ணீர் டேங்க் இருக்கிறது என்று மொட்டை மாடிக்கும் பூட்டு. சாவி காதர் அண்ணன் இடுப்பில்.

அவரைப் பற்றிய முக்கியமான செய்தி, அவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் பெண் எடுத்து, ஒரு துண்டு நெத்திலி வாயில் பட்டால் உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும் மனிதர். அவர் மாமியார் வீட்டில் முதல் விருந்துக்கு ஏழு வகை மீன் செய்து வைத்திருக்க, மாப்பிள்ளை ரசம் கேட்டதை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்களாம். அந்த வீட்டு மச்சான்தான் விடுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஐஸ் பெட்டிகள் வைத்து மீன் வியாபாரம் செய்தார்.

அந்த ஐஸ் பெட்டிகள்தான் வில்லங்கம். சில மாதங்களாக விடுதியில் கரண்டு ஏறிக்கொண்டே போனது. ஏசி நிற்காமல் ஓடுகிறது, ஆனால் மத்தியானம் ஆனால் முதல் மாடி அறைகள் வேகின்றன. வேகிறதோடு போனால் பரவாயில்லை, காற்றில் மீன் வாடை. தீர்த்தமாடி, விபூதி பூசி, கண்ணை மூடி உட்கார்ந்த பக்தரின் தலையில் ஏசி வழியாகக் கருவாட்டு வாசம் இறங்கினால் அவர் யாரைத் திட்டுவார்? ரிசப்ஷனில் இருக்கும் பாயைத்தான் திட்டுவார். "நான் ரசஞ்சோறு திங்கிறவன் சார்" என்று காதர் அண்ணன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

முதலாளி பரமக்குடியில் இருந்தபடியே போனில் கேமரா பார்க்கிறவர். மாடி வராந்தாக் கேமராக்களை உப்புக் காற்று தின்று முடித்துவிட்டது. வாசல் கேமரா மட்டும் உயிரோடு இருந்தது. அதில் தினமும் மத்தியானம் பாய் எழுந்து பின்பக்கமாகப் போவது தெரிந்தது. பின்தெருப் பள்ளிவாசலுக்கு லுஹர் தொழுகைக்குப் போகிற மனிதரை, மச்சானின் ஐஸ் பெட்டிக்கு விடுதியிலிருந்து திருட்டு லைன் கொடுக்கப் போகிறார் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். அதைத்தான் நான் ஏணி மேல் நின்று கேட்டேன்.

"குளிர் அங்கன போகுது, நாத்தம் இங்கன வருது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல பாய்?"

தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். அதற்குள் கரண்டு போகிற வழி தெரியவில்லை என்றால் அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டு பாய் ஊருக்குப் போகலாம், லைன் விவகாரத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். போன் அணைந்ததும் முனியசாமியும் மற்றவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டே கலைந்தார்கள்.

நான் கீழே இறங்கியபோது அவர் நாற்காலியில் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். "வேலை போனா போகட்டும் தங்கச்சி. திருடன்னு பேரு வாங்கிட்டு தேவிபட்டினத்துல எந்தத் தெருவுல நடப்பேன்?" என்றார். தைரியமாக ஏதோ சொன்னேன். சொன்னது எனக்கே நம்பிக்கையாக இல்லை.

காலையில் சமர்த்து

முதலில் மச்சானின் கொட்டகைக்குப் போனேன். அவர் பெட்டிகளுக்குக் கரண்டே கிடையாது. ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டு உமி தூவி மூடி வைத்திருந்தார். "கரண்டா? எனக்கு ஒரு பல்புதான். அதுவும் எரியலை" என்றார். இதைப் போய் முதலாளியிடம் சொன்னேன். சொந்த மச்சான் அப்படித்தான் சொல்வார் என்றார். ஐஸ்கட்டியும் சொந்தக்காரனா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு மிஷின். நான் போன நாளெல்லாம் காலையில்தான் போனேன். விடியுமுன்னே எல்லாரும் அக்னி தீர்த்தத்துக்கும் கோயிலுக்கும் கிளம்பிவிடுவார்கள், அறைகள் காலியாக இருக்கும், அப்போதுதான் உள்ளே போய்ப் பாவாடை பிடிக்க முடியும். அளந்தேன். தலைமடையில் குறைத்து, கடைமடையில் கூட்டி, அறை அறையாகத் திருகி, கடைசியில் எல்லா அறைக்கும் பிசகில்லாமல் காற்று வந்தது. வாடையும் இல்லை. மிஷின் பாலைக் குடித்த பூனையாட்டம் சத்தமில்லாமல் ஓடியது. சந்தோஷமாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும்.

"தங்கச்சி, மறுபடியும் வேகுது. நாத்தமும் வந்துருச்சு."

இப்படியே பல தடவை. பெல்ட்டை மாற்றினேன். ஃபில்டரைக் கழுவினேன். ஃபில்டர் ஈரமாக இருந்தது, கடல் காற்று என்று நினைத்தேன். அதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல் பிசிறு அப்பியிருந்தது, படுக்கை விரிப்பு என்று நினைத்தேன். படித்த படிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தது. மத்தியான வெயிலில் மேற்குச் சுவர் சூடேறுகிறது என்று காதர் அண்ணனிடம் நீளமாக விளக்கினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பக்தர்கள் புகார் தாங்காமல் அவர் ஏசியை ஆகக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டார். அதனால் அறை குளிரவில்லை. மீட்டர் மட்டும் இன்னும் வேகமாகச் சுற்றியது. எல்லா விடுதியிலும் எல்லா ஆபீசிலும் மனிதர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மாடு நகரவில்லை என்றால் வண்டியில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் இன்னொரு அடி போடுகிற கதை.

அமாவாசை

அமாவாசைக்கு ராமேஸ்வரம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். தரையே தெரியாது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்று நான் காலையில் போய்விட்டு மத்தியானமும் அங்கேயே இருந்தேன். காதர் அண்ணன் கேட்டுக்கொண்டார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று. ஒன்றும் கண்டுபிடிக்காத இன்ஜினியர் பக்கத்தில் இருந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

முதலாளி விடியற்காலையிலேயே மனைவியோடு வந்து இறங்கி, நேராகத் தர்ப்பணத்துக்குப் போய்விட்டார். கூடவே முதலாளியம்மாவின் தம்பியும் வந்திருந்தார். அவர் குளிக்கப் போகவில்லை. ரிசப்ஷனில் காதர் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, அது இடமும் வலமும் சுற்றுகிறதா என்று சுற்றிப் பார்த்தார். அடுத்த மேனேஜர் யார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உச்சிவேளைக்குச் சற்று முன் முதலாளியும் மனைவியும் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். துணிப்பை காரில், கார் ஊருக்கு வெளியில். தலையைத் துவட்டிவிட்டுக் கீழே வருகிறேன், இருங்கள் என்று காதர் அண்ணனிடம் சொல்லிவிட்டு முதலாளி முதல் மாடி அறைக்குப் போனார். அவர் பின்னாலேயே வேன் வேனாக வந்த யாத்ரீகர்களும் ஈரத்துணி மூட்டைகளோடு ஏறினார்கள். காதர் அண்ணன் தொழுகைக்குப் போனார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகநேரம் தொழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவாடையை எடுத்துக்கொண்டு மாடிக் கடைசியில் காலியாக இருந்த அறைக்குப் போய், ஏணி போட்டு, பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரம்பத்தில் காற்று காலையில் வைத்த அளவிலேயே வந்தது. கொஞ்சநேரத்தில் குறைந்தது. அப்புறம் இன்னும் குறைந்தது. யாரோ மடையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பது போல, என் கண் முன்னாலேயே மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. பாவாடை தொய்ந்து என் தலையில் விழுந்தது. கூடவே மீன் வாடை.

வெயிலுக்குக் காற்று இப்படி இறங்காது. இது மனுசன் வேலை. கையில் பாவாடையோடேயே ஏணியை விட்டு இறங்கி வராந்தாவுக்கு ஓடினேன்.

வராந்தாக் கோடியில் கிரில்லைக் காணோம். ஒரு கதவளவு கிரில், காலையில் நான் துடைத்த கிரில், அது இருந்த இடத்தில் ஈரத்துணியால் ஒரு சுவர் நின்றது. சிவப்புச் சேலை, மஞ்சள் சேலை, காவி வேட்டி, துண்டு, பாவாடை (நிஜப் பாவாடை), சின்னப் பிள்ளை டவுசர். கயிறு இல்லை, கிளிப் இல்லை. கிரில் காற்றை உள்ளே இழுக்கிற வேகத்தில் எல்லாம் சப்பென்று ஒட்டிக்கொண்டிருந்தன. தேனிப் பக்கத்து அம்மா ஒருவர் இடமில்லாமல் மேலே எக்கி ஒரு துண்டைக் காட்ட, அது அவர் கையிலிருந்து தானாகப் பறந்து போய் ஒட்டியது.

"கொடியே வேண்டாம்மா. பக்கத்துல காட்டுனா அதுவே வாங்கிக்கிருது" என்று எனக்கு ஆச்சரியமாகக் காட்டினார். போன வருசம் வந்த நாத்தனார் சொல்லி அனுப்பியதாம். சாப்பிட்டு எழுவதற்குள் காய்ந்துவிடும், மடித்துக்கொண்டு வேன் ஏறிவிடலாம் என்றார்.

பால்கனியில் காயப்போடக் கூடாது. மொட்டை மாடி பூட்டு. ஈரமூட்டையோடு இத்தனை பேர் எங்கே போவார்கள்? ஊழியர்கள் எல்லாரும் அந்நேரம் கீழே பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். காதர் அண்ணன் தொழுகையில். ஒருவர் கண்ணிலும் படவில்லை. (இப்போது மொட்டை மாடியைத் திறந்து, ஏசியின் வெளி மிஷின்கள் வெந்த காற்றைக் கக்குகிற பக்கமாகக் கொடி கட்டியிருக்கிறோம். அங்கே இதைவிட சீக்கிரம் காய்கிறது. கரண்டும் இறங்கிவிட்டது.)

மீன் வாடைக்கும் விடை அங்கேயே இருந்தது. மிஷின் அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு, கீழே இருக்கும் மச்சான் கொட்டகைப் பக்கம் திறக்கும். உப்புக் காற்றில் அடிப்பாகம் அரித்து ஒரு சாண் இடைவெளி. முன்பக்கம் துணியால் மூச்சை அடைத்தால் மிஷின் பின்பக்கமாக மூச்சு வாங்குகிறது. வெளியே கொதிக்கிற கடல் காற்றை, மீன் வாடையோடு இழுத்து, அதைக் குளிரவைக்க முக்கி முக்கிப் பார்த்துத் தோற்கிறது. கரண்டு அங்கேதான் போனது.

காதர் அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். பள்ளிவாசலிலிருந்து வந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். துணிச் சுவரைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. யாத்ரீகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு துணியாக எடுத்து அவரவர் கையில் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்று ஒன்றாக எடுக்க எடுக்க, மிஷினின் முனகல் அடங்கிக்கொண்டே வந்தது.

நடுவில் ஒரு வேட்டி மிச்சம் இருந்தது. அகலமான சரிகைக் கரை. பெரிய வேட்டி, கிரில்லில் பாதியை அது ஒன்றே அடைத்திருந்தது. அதை எடுக்க அவர் கையை நீட்டிய நேரத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் நெற்றியில் விபூதியுமாக முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பாய், நம்ம வேட்டி காஞ்சிருச்சா? பாத்து உரிங்க, சரிகை போயிரும். போன தடவை அப்படித்தான் ஒரு வேட்டி போச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிறகு முதலாளியைத் துண்டோடேயே நிற்கவைத்து, எல்லாவற்றையும் விளக்கினேன். வேட்டியை ஒட்டிக் காட்டினேன், வாடை வந்தது. உரித்துக் காட்டினேன், வாடை போனது. மூன்றாம் தடவை அவர் தானே ஒட்டிப் பார்த்து, தானே மோந்து பார்த்தார். அவர் முகத்தில் விபூதிக்குக் கீழே என்னென்னவோ ஓடியது. உள்ளேயிருந்து முதலாளியம்மா, "நாந்தான் அங்கன ஒட்டச் சொன்னேன், என்ன இப்ப?" என்று குரல் கொடுத்தார். காதர் அண்ணன் வேட்டியை நான்காக மடித்து, இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார்.

"சரி சரி" என்றார் முதலாளி. "பசி நேரம். வாங்க பாய், சாப்பிடுவோம்."

பந்தி

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். முதலாளியம்மா தன் கையாலேயே காதர் அண்ணனுக்கும் ஒரு இலை போட்டு, தண்ணீர் தெளித்தார். இத்தனை வருசத்தில் அந்தக் குடும்பத்தோடு ஒரே பந்தியில் அவருக்கு இலை விழுந்தது அன்றைக்குத்தான். முதலாளியம்மாவின் தம்பி எப்போது நாற்காலியை விட்டு எழுந்தார் என்று தெரியவில்லை, ஆனால் பந்தியில் கடைசி இலையில் தலையைக் குனிந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். முனியசாமி சாம்பார் வாளியோடு நின்றார். வாட்ச்மேன், அக்காமார், எல்லாரும் பரிமாற நின்றார்கள்.

முதலாளி சோற்றில் பருப்பு ஊற்றிக்கொண்டு, உட்காருங்க பாய், ஆறிடும் என்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்ற குரல் அது. அந்த ஒரு இலையால் எல்லாவற்றையும் மூடிவிட முடியும் என்று அவர் மனதார நம்பினார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வராத ஆட்களை எங்கள் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன், என் அய்யாவும் அதில் ஒருவர்.

காதர் அண்ணன் உட்காரவில்லை. இலைக்குப் பின்னால் நின்றபடி இருந்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்று முனியசாமி என் காதில் சொன்னார். வேலை நிலைத்துவிட்டது, உட்கார்ந்துவிடுங்கள் அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மொதலாளி" என்றார். குரல் உயரவில்லை. "அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தான் சொன்னீக. அதைத் திரும்ப எடுக்கும்போதும் எல்லாரும் கேக்கணும்."

முதலாளியின் கை சோற்றில் நின்றது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா உதவிக்கு வரவில்லை, இலையில் உப்பு சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் முதலாளி தலையைத் தூக்கி முனியசாமியை, வாட்ச்மேனை, அக்காமாரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாய் எடுக்கலை" என்றார். மறுபடி இலையைப் பார்த்தார். பருப்புச் சோற்றைப் பிசைந்தார். அப்புறம், யாரும் கேட்காமலேயே, இன்னொரு வார்த்தை சொன்னார்.

"நாந்தேன்."

காதர் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். இலையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தார். "முனியசாமி, சோறு போடுப்பா" என்றார்.